சென்னையா, கோவில்பட்டியா? ஹாக்கி துணை அணிக்கு எந்த ஊர் நல்லது?



நம் சுவர் இதழில் விளையாட்டு என்றாலே கிரிக்கெட்தான் வருகிறது. ஒரு மாற்றத்துக்கு இந்தத் தடவை ஹாக்கி பற்றி எழுதுகிறேன். ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அணி எட்டுத் தங்கம் வாங்கிய விளையாட்டு இது. டோக்கியோவிலும் (2021) பாரிஸிலும் (2024) வெண்கலம் வாங்கியிருக்கிறோம். ஆனால் "நம்ம தமிழ்நாட்டு ஹாக்கி அணி பேர் என்ன?" என்று எங்க வகுப்பில் கேட்டேன். நாலு பேருக்குக்கூடத் தெரியவில்லை.

அதன் பெயர் தமிழ்நாடு டிராகன்ஸ். கிரிக்கெட்டுக்கு ஐ.பி.எல். மாதிரி ஹாக்கிக்கு ஹாக்கி இந்தியா லீக் இருக்கிறது. 2017-க்குப் பிறகு நின்று போயிருந்த அந்த லீக் 2024 டிசம்பர் 28-ல் மறுபடி தொடங்கியது. எட்டு ஆண்கள் அணிகளில் நம் டிராகன்ஸும் ஒன்று. அந்த வருஷம் எல்லா ஆட்டமும் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்தான் நடந்தது. 2026 ஜனவரியில்தான் சென்னைக்கும் சில ஆட்டங்கள் வந்தன.

துணை அணி என்றால் என்ன?

பெரிய அணிக்குக் கீழே ஒரு சின்ன அணி. அதில் இளம் வீரர்கள் பழகுவார்கள். நன்றாக ஆடினால் மேலே போவார்கள். மேலே யாருக்காவது அடிபட்டால் கீழே இருந்து ஒருவர் போய் நிற்பார். கனடா, அமெரிக்காவில் பனிக்கட்டி மேல் ஆடுகிற ஐஸ் ஹாக்கியில் இது பெரிய ஏற்பாடு. அங்கே 32 பெரிய கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை அணி.

நம் டிராகன்ஸுக்கும் இப்படி ஒரு துணை அணி வைத்தால் எந்த ஊரில் வைக்க வேண்டும்? இதுதான் கேள்வி. சென்னை என்று பலர் சொல்வார்கள். மதுரை என்று சிலர் சொல்வார்கள். நான் கோவில்பட்டி என்று சொல்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்க.

சென்னை ஏன் வேண்டாம்?

சென்னையில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அங்கேதான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று நம் அணி ஜெயித்தது. விமான நிலையம், ஓட்டல், டிவி எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பழைய கதையைப் பாருங்கள். 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னை வீரன்ஸ் என்று ஒரு அணி இருந்தது. 2008-ஓடு அந்த லீக்கும் போச்சு, அணியும் போச்சு. 2012-ல் உலகத் தொடர் ஹாக்கி என்று இன்னொன்று வந்தது. அதில் சென்னை சீட்டாஸ். அந்தப் போட்டி ஒரே வருஷத்தோடு முடிந்தது, அணியும் முடிந்தது. இன்றைக்கு அந்தப் பெயர்களைச் சொன்னால் யாருக்குத் தெரியும்?

லீக் நின்றுபோவது அணியின் தப்பு இல்லைதான். ஆனால் அணிக்குக் கீழே வேர் இருந்தால் ஏதாவது மிஞ்சும் அல்லவா? ஒரு விடுதி, ஒரு மைதானம், சாயங்காலம் மட்டையோடு வருகிற முப்பது பிள்ளைகள், இதெல்லாம் லீக் நின்றாலும் நிற்காது. மரத்தைச் சாய்த்தாலும் வேர் இருந்தால் துளிர்க்கும் என்று மலைமேல் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். அந்த வேரைச் சென்னையில் புதுசாக நடுவதை விட, ஏற்கனவே பிடித்திருக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றுவது சுலபம்.

கோவில்பட்டி ஏன்?

கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற கரிசல் காட்டு ஊர். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் போனது. ஆனால் ஹாக்கிக்காரர்களைக் கேட்டால் மிட்டாயைச் சொல்ல மாட்டார்கள், மட்டையைத்தான் சொல்வார்கள். அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது. செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிற ஊரும் அதுதான். வெளி மாநில அணிகள் வந்து ஆட, அந்த ஊர் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் மாரீஸ்வரன் சக்திவேல், கோவில்பட்டிக்காரர். இன்னொருவர் கார்த்தி செல்வம். இவர் ஊர் அரியலூர், ஆனால் பழகியது கோவில்பட்டி விடுதியில்! பாருங்க, அரியலூர்ப் பிள்ளையைக்கூட இந்திய அணிக்கு அனுப்பிய ஊர் அது. அப்படி ஒரு ஊரை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது?

மதுரைக்காரர்கள் கோபப்பட வேண்டாம்

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஜெர்மனி கோப்பை வாங்கியது, இந்தியா வெண்கலம் வாங்கியது. அதனால் மதுரையில் இப்போது நல்ல ஹாக்கி மைதானம் இருக்கிறது. "அப்போ மதுரையில வைக்கலாமே?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி.

மதுரையிலிருந்து கோவில்பட்டி சுமார் நூறு கிலோமீட்டர்தான். தினமும் பழகுவது கோவில்பட்டியில், பெரிய ஆட்டம் மதுரையில் என்று வைத்தால் என்ன? ஆட்டம் பார்க்கக் கூட்டம் வேண்டும், அது மதுரையில் கிடைக்கும். பழகுவதற்குக் கூட்டம் வேண்டாம். விடியற்காலையில் எழுந்து ஓட ஒரு தரையும், திட்டுவதற்கு ஒரு கோச்சும், சாப்பாடு போட ஒரு விடுதியும் போதும்.

வெளிநாட்டில் எப்படி?

டொரண்டோ நகரத்தின் ஐஸ் ஹாக்கி கிளப்பு தன் துணை அணியை முன்பு செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் வைத்திருந்தது. அது கனடாவின் கிழக்குக் கோடியில், கடலுக்குள் இருக்கிற ஒரு தீவில் உள்ள ஊர். 2005-ல் அந்த அணியை டொரண்டோவுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். கூப்பிட்டால் உடனே வரலாம் அல்லவா? இதைக் காட்டி "அப்போ துணை அணி பெரிய நகரத்துலதான் இருக்கணும்" என்று சொல்லலாம்.

ஆனால் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. வாஷிங்டன் கிளப்பின் துணை அணி ஹெர்ஷி என்ற சின்ன ஊரில் இருக்கிறது. அது சாக்லேட் கம்பெனியால் உருவான ஊர். அங்கே 1938 முதல் அந்த ஹாக்கி அணி இருக்கிறது. மேலே உள்ள பெரிய கிளப்புகள் மாறினாலும் ஊர்க்காரர்கள் தங்கள் அணியை விடவில்லை. அவர்களுக்குச் சாக்லேட் ஊர் என்றால் நமக்குக் கடலை மிட்டாய் ஊர்!

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே லீக் ஆறு மாசத்துக்கு மேல் நடக்கும். தினமும் ஆள் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் பக்கத்தில் இருப்பது முக்கியம். நம் லீக் நடப்பது ஒரு மாசம். மீதி பதினோரு மாசம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதுதான் நம் கேள்வி. துணை அணி அந்தப் பதினோரு மாசத்துக்காகத்தான் வேண்டும்.

நம் காரவள்ளியில் ஏன் கேட்கவில்லை?

"ஊர்ப்பாசமே இல்லையா உனக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் ஊரிலிருந்துதான் 70 கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கிறது. அந்த ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடி ஏறினாலே எந்த வீரருக்கும் மூச்சு பலப்படும். ஆனால் நம்மிடம் செயற்கைப் புல் இல்லை. அந்தத் தரைக்கு ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், பக்கத்தில் ஆடுவதற்கு வேறு அணிகள் வேண்டும். கோவில்பட்டியும் தண்ணீர் கஷ்டமுள்ள ஊர்தான். ஆனால் அங்கே தரை போட்டாயிற்று, ஆட ஆளும் இருக்கிறது. ஆசைக்காக எங்க ஊரில் போடு என்று கேட்டு, நாலு வருஷத்தில் புல் கிழிந்து பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? புதுத் தரைக்கு ஆகிற பணத்தில் எத்தனை பள்ளிக்கு மட்டையும் பந்தும் வாங்கலாம்!

ஆனால் கோவில்பட்டிக்கு ஓட்டுப் போடுகிற நான் மூன்று நிபந்தனை வைக்கிறேன். இது இல்லை என்றால் என் ஓட்டும் இல்லை.

ஒன்று, பெண்களுக்குப் பாதி இடம். மேலே நான் சொன்ன இரண்டு பேரும் அண்ணன்கள். அக்காக்கள் எங்கே? 2025 ஜனவரியில் ராஞ்சியில் பெண்களுக்கும் லீக் முதல் தடவையாக நடந்தது. நாலு அணிகள். ஒடிசா ஜெயித்தது. அந்த நாலில் தமிழ்நாடு இல்லை! பெண்கள் பெரிய அணி வரும்வரை காத்திருக்க வேண்டாம். துணை அணியைப் பெண்களுக்கும் சேர்த்தே தொடங்கினால், நாளைக்குப் பெரிய அணி அமைக்கும்போது ஆள் தயாராக இருக்கும்.

இரண்டு, தேர்வு செய்கிறவர்கள் எங்களைத் தேடி வரணும். இந்திய ஹாக்கி எங்கே விளைகிறது தெரியுமா? ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் சவுனமரா என்று ஒரு கிராமம். முன்னாள் இந்தியக் கேப்டன் திலீப் திர்கி அந்த ஊர்க்காரர். நம் டிராகன்ஸ் அணியில் ஆடிய அமித் ரோஹிதாஸும் அதே ஊர். ஜார்க்கண்டில் சிம்டேகா என்று ஒரு மாவட்டம். அங்கே கிராமப் போட்டிகளில் ஜெயித்த அணிக்கு ஆடு பரிசு கொடுப்பார்களாம். அந்த மாவட்டத்துக் குடியானவர் மகள்தான் சலிமா டெடெ. 2024-ல் அவர் இந்தியப் பெண்கள் அணிக்கே கேப்டன் ஆனார். இதெல்லாம் காடும் மலையும் உள்ள, பழங்குடி மக்கள் வாழ்கிற பகுதிகள். அப்படியென்றால் நம் கொல்லிமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, பச்சைமலைப் பிள்ளைகளால் மட்டும் முடியாதா? வாழவந்தி நாட்டிலிருந்தும் சேலூர் நாட்டிலிருந்தும் வருகிற நம் தோழிகள் ஓடுகிற ஓட்டத்தை விளையாட்டு விழாவில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆனால் தேர்வு முகாம் தூரத்து ஊரில் காலை ஏழு மணிக்கு என்றால், முதல் பஸ் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை செம்மேட்டிலோ சேந்தமங்கலத்திலோ முகாம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மூன்று, படிப்பும் வீடும். பெண் பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது வந்ததும் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "ஆடுனது போதும், அடக்கமா இரு." அதிலும் வெளியூர் விடுதி என்றால் அம்மாவுக்குப் பயம், அப்பாவுக்கு யோசனை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யார் பார்த்துக்கொள்வார்கள், படிப்பு என்ன ஆகும், அடிபட்டால் யார் செலவு செய்வார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். விடுதியில் பெண் வார்டன், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வந்துபோகப் பஸ் காசு, இந்த மூன்றையும் கிளப்பு எழுதிக் கொடுத்தால் பெற்றோர் கட்டாயம் யோசிப்பார்கள். நாமக்கல் வழியாகப் போகிற அதே பெரிய ரோடுதான் கரூர், திண்டுக்கல், மதுரை தாண்டிக் கோவில்பட்டிக்கும் போகிறது. அனுப்புகிற தூரம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

அணி எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் நம் சுவர் இதழைப் படிக்கப் போவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் படிக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கலாம். நம் பள்ளியில் கபடியும் கோகோவும் இருக்கிறது, ஹாக்கி இல்லை. பதினோரு பேர் வேண்டாம், ஐந்து பேர் ஹாக்கிக்குச் சின்ன இடம் போதும். பத்து மட்டை, நாலு பந்து இருந்தால் தொடங்கிவிடலாம். குறுவட்டப் போட்டியில் முதல் வருஷம் தோற்போம், பரவாயில்லை. தேர்வு முகாம் நம் பக்கம் வருகிற அன்றைக்கு மட்டை பிடிக்கத் தெரிந்த பத்துப் பெண்கள் காரவள்ளியில் இருக்கணும். அதுதான் இப்போதைக்கு என் கவலை.

துணை அணி சென்னைக்குத்தான் வேண்டும், மதுரைக்குத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் அடுத்த இதழில் பதில் எழுதுங்கள். ஹாக்கியில் சேர விருப்பமுள்ள பெண்கள் மட்டும் இந்தத் தாளின் கீழே உள்ள கோட்டில் வகுப்பை எழுதிவையுங்கள். என் வகுப்பை முதலில் எழுதிவிட்டேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி

9-ம் வகுப்பு _____ _____ _____ _____ _____