ஐந்து வலயங்கள் போதுமா?

பூமியின்மேல் உஷ்ணம் இடத்துக்கு இடம் வேறுபடுவது ஏன் என்று வினவினால், நம் மாணாக்கரிற் பெரும்பாலார் உஷ்ண வலயம் ஒன்று, சமசீதோஷ்ண வலயம் இரண்டு, சீத வலயம் இரண்டு என்று தயங்காது ஒப்பிப்பர். இப்பாகுபாடு பழைய கிரேக்கர் காலத்தது. உஷ்ண வலயம் மனிதர் வாழத் தகாதது என்று அரிஸ்டாட்டில் கருதினார். அவ்வலயத்திலேயே பிறந்து வளர்ந்த நாம் அது கேட்டு நகைப்போம். எனினும் பாகுபாட்டை மட்டும் இன்றும் மனப்பாடம் செய்கின்றோம்.

அது முற்றிலும் பொய்யன்று. சூரியன் வானில் 30 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, தலைக்கு நேரே நிற்கையிற் படிவதைப்போல் இருமடங்கு நிலத்தில் அதன் கிரணங்கள் பரவுகின்றன. ஆதலின் ஒவ்வோர் அடி நிலமும் பெறுவது பாதியே. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல வெம்மை குறைவதற்கு இதுவே முதற் காரணம். (சூரியனின் அண்மையும் சேய்மையுமே காரணம் என்பாரும் உளர். பூமி சூரியனை மிக நெருங்குவது, வடபாதி குளிரால் நடுங்கும் ஜனவரி மாதத்திலேதான்!)

ஆயினும் முதற் காரணத்தையே முழுக் காரணமாகக் கொள்ளலாகாது. தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடாரின் தலைநகராகிய கீட்டோ, பூமத்திய ரேகையை ஒட்டியே இருக்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் அமைந்தமையால், அங்கே வருஷ சராசரி உஷ்ணம் சென்டிகிரேட் அளவில் 14 டிகிரியை ஒட்டியதே. அந்நாட்டுச் சிம்போராசோ மலையுச்சியிலோ, உஷ்ண வலயத்தின் நடுவே, பனிக்கட்டி நீங்குவதில்லை. இலண்டன், கனடாவிலுள்ள வின்னிபெக்கைக் காட்டிலும் சற்று வடக்கே உள்ளது. ஆயினும் ஜனவரியில் இலண்டனின் சராசரி ஏறத்தாழ 5 டிகிரி. வின்னிபெக்கிலோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 16. மெல்லச் சூடேறி மெல்லத் தணியும் கடலின்மேல் வரும் மேல்காற்று இலண்டனைக் காக்கின்றது. வின்னிபெக் கண்டத்தின் நடுவே, விரைவிற் குளிரும் நிலத்தாற் சூழப்பட்டுள்ளது. இவ்விரண்டும் ஒரே சமசீதோஷ்ண வலயமாம்!

1802-ல் சிம்போராசோவின்மேல் ஏறி ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், 1817-ல் சம உஷ்ணமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டினார். அவை அட்ச ரேகைகளோடு ஒத்துச் செல்லாமல், ஐரோப்பாவின் மேற்குக் கரையில் வடக்கே ஏறியும், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தெற்கே இறங்கியும் வளைகின்றன. அவ்வளைவுகளைக் கண்ட மாணாக்கன் காரணம் வினவாதிருத்தல் அரிது. வலயப் படமோ வினாவுக்கே இடந்தருவதில்லை. இளையோர்க்கு வலயங்களே எளியன என்று ஆசிரியர் சிலர் கூறலாம். எளிமை உண்மையே, அவ்வெளிமை விடையை முடித்துவிடுவதே எம் குறை. ஆதலின் பூகோள வகுப்பின் சுவரில் முதலில் மாட்டத்தக்கது சம உஷ்ண ரேகைப் படமே. அதுவும் ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என இரண்டாக இருத்தல் நன்று. குளிர்காலத்தில் வடகண்டங்களின்மேல் தெற்கே சாய்ந்த கோடு, கோடையில் அதே நிலத்தின்மேல் வடக்கே நிமிர்வதை மாணாக்கன் தானே காண்பான்.