எதிரே நிற்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் சித்தி வீட்டுக்குப் போனால், சித்தி மகன் ஜன்னல் கம்பியில் முடிச்சு போட்டுக்கொண்டிருப்பான். வலை பின்னுகிற நைலான் நூல். ஒற்றைக் கையால் ஒரு முடிச்சு, அதன்மேல் எதிர்ப்பக்கமாய் இன்னொன்று, மறுபடி ஒன்று. கம்பி முழுக்கப் பச்சை நூலாகக் கிடக்கும். "இன்னாடா இது, டாக்டருக்குப் படிச்சுட்டு வலை பின்னிக்கினு கீற?" என்று சித்தி கத்தும்.

அவன் எம்.எஸ். படிக்கிறான், பொது அறுவை மருத்துவம். எங்கள் தெருவில் முதல் ஆள். இரண்டாம் வருஷம் முடியப்போகிறது. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம், சென்னை இல்லை என்பது போதும். "இதுவரைக்கும் எத்தினி ஆபரேஷன் பண்ணியிருக்கே?" என்று கேட்டேன். முடிச்சை இழுத்துக்கொண்டே சொன்னான்: "பண்றத வுடுண்ணா. எதிர்ல நிக்கவே வுடல."

எனக்கு முதலில் புரியவில்லை. ஆபரேஷன் மேசையில் அறுக்கிறவர் ஒரு பக்கம் நிற்பார். அவருக்கு நேர் எதிரே நிற்பவர்தான் முதல் உதவியாளர். 'உதவியாளர்' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடும். இவர் டீ வாங்கி வருகிறவர் இல்லை. ரத்தம் கசியும் இடத்தை ஒற்றி எடுப்பவர், கசிகிற குழாயை இடுக்கியால் பிடிப்பவர், தையல் போடும்போது நூலைத் தளராமல் ஏந்துபவர், முடிச்சு போடுபவர், அடுத்து என்ன தேவை என்பதைக் கேட்பதற்கு முன்பே கையில் வைத்திருப்பவர். அறுப்பவரின் கண் பார்ப்பதையே இவர் கண்ணும் பார்க்கிறது. பக்கத்தில் இன்னொருவர் ரிட்ராக்டர் என்ற கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காய் நிற்பார். அவர் இரண்டாவது உதவியாளர். அவருக்குப் பல நேரம் வயிற்றின் குழி தெரியாது, மற்றவர்களின் முதுகும் முழங்கையும்தான் தெரியும். என் தம்பி இரண்டு வருஷமாகக் கொக்கி பிடிக்கிறான். பிடிக்காத நேரத்தில் வார்டில் கட்டு மாற்றுகிறான், ரத்த வங்கிக்கு ஓடுகிறான்.

வெளிநாடுகள் சிலவற்றில் மருத்துவர் அல்லாதவர்களுக்கே இந்த வேலைக்குத் தனிப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. நம் போதனா மருத்துவமனைகளில் அது பெரும்பாலும் பி.ஜி. மாணவரின் இடம். அந்த இடத்தில் நூறு முறை நின்றவன்தான் ஒருநாள் கத்தி பிடிக்கிற பக்கத்துக்கு வருகிறான். புத்தகத்தில் இது இல்லை. கை கைக்குச் சொல்லித் தருகிற வித்தை இது. எதிரே நிற்க விடாதவனுக்குக் கை வராது. கை வராதவனைப் பார்த்து நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும்: "கோட்டாவில் வந்த டாக்டர், இவனிடம் யார் அறுத்துக்கொள்வது?" தகுதி, திறமை என்று கூச்சல் போடுகிறவர்கள் திறமையின்மையை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று பாருங்கள் தோழர்களே. அதற்கும் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் பெயர் தியேட்டர் லிஸ்ட்.

நீட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். 2017இல் அனிதாவைப் பறிகொடுத்த பிறகு எழுதாமல் இருக்கவும் முடியாது. ஆனால் அது வாசல். வாசலைத் தாண்டினவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது? தில்லி எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை சுகதேவ் தோரட் குழு விசாரித்து 2007இல் அறிக்கை தந்தது. வகுப்பிலும் தேர்விலும் விடுதியிலும் பாகுபாடு இருப்பதாக அது சொன்னது. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடி மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். சீனியர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள், பிரசவம் பார்க்கவும் ஆபரேஷனுக்கும் விடவில்லை என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். மூன்று மருத்துவர்கள் கைதானார்கள். திட்டியதை எல்லோரும் பேசினார்கள். மேசையை விட்டு விலக்கினார்கள் என்ற குற்றச்சாட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கை, உடல், தீட்டு. இந்த மூன்றுக்கும் நம் நாட்டில் பழைய கணக்கு இருக்கிறது. முடிவெட்டுகிற சாதிக்கு இன்றும் 'மருத்துவர்' என்றுதான் பேர். கட்டி கீறினதும் பிரசவம் பார்த்ததும் அவர்கள்தான். சம்பளமும் மரியாதையும் வந்தபிறகு அந்த வேலை கை மாறிவிட்டது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது, உயர்சாதிக்காரர் ஒருவர் துணிந்து பிணத்தைத் தொட்டதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று சொல்வார்கள். நிஜமோ கதையோ. பிணவறையில் தினம் தினம் உடலைத் திறந்து, மூடித் தைப்பது யார்? பல அரசு மருத்துவமனைகளில் டாக்டர் தள்ளி நின்று பார்த்து எழுதுவார், அறுக்கிற கை நம் ஆளுடையது. அவருக்கு எந்தப் பீரங்கியும் முழங்கவில்லை. சாராயம் குடித்துவிட்டு வருகிறான் என்று ஏசுவதோடு சரி. செத்த உடலை வெட்ட நம்பப்படுகிற கை, உயிருள்ள உடலின் எதிரே நிற்க மட்டும் தகுதியற்றதாகிவிடுகிறது.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒருவர் இருந்தார். கறுப்பர், தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்து வைத்த காசு 1930இல் வங்கி திவாலானதில் போய்விட்டது. (வங்கியில் வேலை பார்க்கிறவன் இதை எழுதும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.) ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற வெள்ளை சர்ஜனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலில் துப்புரவுக்காரர். நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளின் இதயக் கோளாறுக்கான ஆபரேஷனை நாய்களின் மேல் பலமுறை செய்து பழகியவர் தாமஸ். பிளாலாக் அதை ஒரே ஒரு முறைதான் செய்து பார்த்திருந்தார், அதுவும் தாமஸுக்கு உதவியாளராக நின்று! 1944 நவம்பர் 29ஆம் தேதி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 15 மாதக் குழந்தைக்கு முதல் ஆபரேஷன். எதிரே முதல் உதவியாளராக நின்றவர் ஒரு வெள்ளை டாக்டர். தாமஸ், பிளாலாக்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்து, தையல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு பிளாலாக்கின் பேரும் ஹெலன் டாசிக் என்ற மருத்துவரின் பேரும் வைத்தார்கள். 1945இல் வந்த கட்டுரையில் தாமஸ் பேர் இல்லை. அவரிடம் பழகிய வெள்ளைப் பையன்கள் பெரிய சர்ஜன்கள் ஆனார்கள். 1976இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள், மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில். ஆபரேஷன் பேரில் 'தாமஸ்' சேர ஆரம்பித்திருப்பது இப்போதுதான்.

இந்தக் கதையைச் சொன்னால் நம் தோழர்கள் சிலர் கண் கலங்குகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த ஸ்டூலைப் புகழ வேண்டியதில்லை. ஸ்டூல் எதற்கு? மேசையில் இடம் இல்லையா?

நான் பொதுத்துறை வங்கியில் எழுத்தர். எங்களிடம் ரோஸ்டர் இருக்கிறது. எந்தப் புள்ளி யாருக்கு என்று பதிவேடு, அதைச் சரிபார்க்க எஸ்.சி., எஸ்.டி. தொடர்பு அதிகாரி. ஏமாற்றுவதாக இருந்தாலும் பதிவேட்டைத் தாண்டித்தான் ஏமாற்ற வேண்டும். மேசைக்கு எதிரே யார் நிற்பது என்பதற்கு அப்படி எதுவும் இல்லை. பி.ஜி. மாணவர் செய்ததை, உதவியதை, பார்த்ததை லாக் புக்கில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. கையெழுத்துப் போடுவது யார்? லிஸ்ட் போடுகிற அதே யூனிட்காரர்கள். அந்த லாக் புக்குகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும் என்கிறேன். ஒரே வருஷம் சேர்ந்தவர்களில் யார் எத்தனை முறை எதிரே நின்றார், எத்தனை முறை கொக்கி பிடித்தார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணி நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். எண்ணுவது கடினமான வேலை இல்லை. சாயங்காலம் கவுண்டரை மூடியதும் நாங்கள் ரூபாய் தப்பாமல் எண்ணுகிறோம்.

நம் மாணவர் அமைப்புகளும் இதை எடுக்க வேண்டும். விடுதி, உதவித்தொகை, சேர்க்கை என்று நிறுத்திக்கொள்கிறோம். லிஸ்ட் விவகாரம் 'டாக்டர்களின் உள்விவகாரம்' என்று நாமே விட்டுவிடுகிறோம். எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளில் மெஷினில் கை கொடுத்தவர்களை ஸ்டான்லிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று எங்கள் ஆயா சொல்லும். அங்கே கைக்கென்றே ஒரு துறையை டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி எழுப்பினார். அறுந்த விரலை ஒட்டித் தந்த கைகளுக்கு இந்தப் பக்கம் எத்தனை குடும்பம் கடன்பட்டிருக்கிறது! விரலை இழந்தவன் சேரியில் இருந்து வருகிறான். ஒட்டத் தெரிந்த கையும் அங்கிருந்து வரட்டுமே.

போன மாதம் தம்பி போன் பண்ணினான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கேஸ், குடல் ஓட்டை. வரவேண்டிய சீனியர் வரவில்லை. டூட்டி சர்ஜன் சுற்றிப் பார்த்துவிட்டு "நீ வா" என்றாராம். ஒன்றேமுக்கால் மணி நேரம் எதிரே நின்றிருக்கிறான். "ரெண்டு முடிச்சு போட்டேண்ணா. ஒண்ணும் சொல்லல அவரு. நூல நீட்டிக்கினே இருந்தாரு."

காலையில் வழக்கம்போல லிஸ்ட் ஒட்டினார்கள். அவன் பேர் ரத்த வங்கிக்கு எதிரே இருந்தது.