காலிக் கடற்கரை என்றொரு பொய்

மார்கழி பிறந்துவிட்டால் போதும், ஒரு வகைப் பயணக் கட்டுரை தவறாமல் வந்துவிடும். எழுதுபவர் தனியாகப் போயிருப்பார். சின்ன ஊர், கடலோரம், சுவரில் சாய்த்து வைத்த சர்ஃபிங் பலகைகள். லேசான குளிர், கையில் காபி. அப்புறம் அந்த வாக்கியம்: "கடற்கரையில் ஒரு ஈ, காக்கை இல்லை." எனக்குப் பகை அந்த ஒரு வாக்கியத்தோடுதான். மீன் ஏலம் போகும் கரையில் நின்றுகொண்டு ஈயும் இல்லை, காக்கையும் இல்லை என்று எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

கோவளத்தைச் சொல்கிறேன். கேரளத்துக் கோவளம் அல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி வரும் நம்ம ஊர்க் கோவளம். எனக்கு வேலை ஓஎம்ஆரில். கேளம்பாக்கத்திலிருந்து கழிமுகத்தைத் தாண்டினால் வந்துவிடும். குளிர் நாட்களில் நானும் தனியாகத்தான் போவேன், தனியாகத்தான் சுற்றுவேன். பேச்சுத்துணை இல்லாமல் ஒரு ஊரைப் பார்ப்பது நல்ல விஷயம். எனவே தனிப்பயணத்தை நான் திட்டவில்லை. தனியாகப் போனவர் ஊரையே தனிமையாக்கிவிடுகிறாரே, அதைத்தான் சொல்கிறேன்.

காலை ஆறரைக்கு அந்த மணலில் ஆள் குறைவாக இருப்பதற்குக் காரணம் இயற்கையின் பேரமைதி அல்ல. படகுகள் இருட்டிலேயே போய்விட்டன. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைப் பேச்சுவாக்கில் கேட்டேன். "எல்லாம் தொழிலுக்குப் போயிருக்கு தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ஆபீஸாண்ட வந்து பார்த்துட்டு, இங்க யாரும் வேலையே செய்யறதில்லன்னு நான் எழுதலாமா?" என்றார். எழுதலாம் ஐயா, எங்கள் ஆபீஸில் அது உண்மையாகக்கூட இருக்கும். ஆனால் நீங்கள் கேட்டது நியாயம்.

பருவமும் அப்படித்தான். குளிர்காலத்தை 'சர்ஃபிங் சீசன்' என்று எழுதுகிறார்கள். இந்தக் கரையில் நல்ல நீண்ட அலைகள் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் தெற்கிலிருந்து வருபவை. உலக சர்ஃப் லீக் 2023-ல் மாமல்லபுரத்தில் போட்டி நடத்தியது ஆகஸ்டில், கொளுத்தும் வெயிலில். மார்கழியில் வாடை அடித்து, சட்டைக்கு மேல் ஒரு ஜெர்கின் போட இடம் கிடைக்கிறது. சுகம் நமக்கு. அதை அலையின் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

அடுத்தது 'கண்டுபிடித்தேன்' என்ற சொல். கோவளத்தைக் கண்டுபிடித்தவர்களின் வரிசை நீளமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய பெல்ஜியத்திலிருந்து ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் வந்து இங்கே பண்டகசாலை வைத்தார்கள். பின்னர் நவாபின் கோட்டை, அதில் பிரெஞ்சுப் படை. 1752-ல் ராபர்ட் கிளைவ் வந்து கோட்டையைப் பிடித்தார். இப்போது ஒரு நட்சத்திர விடுதி, அதன் பெயரிலேயே மீனவர் இருக்கிறார். இந்த வரிசையின் கடைசியில் ட்ரைபாடோடு நிற்பவரை மட்டும் நான் ஏன் கும்பிட வேண்டும்?

சர்ஃபிங்கை ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய கலாசாரம்போல எழுதுவதுதான் எனக்கு உச்சபட்ச எரிச்சல். கட்டுமரம் என்ற நம் சொல்லை இங்கிலீஷ்காரன் கேட்டமரான் என்று கொண்டுபோனான். அந்தக் கட்டுமரத்தைக் கரையேற்றுவது என்றால் என்ன? அலைகளை எண்ணி, சரியான ஒன்றுக்காகக் காத்திருந்து, அதன் முதுகில் ஏறி வருவது. கோவளத்தில் சர்ஃப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மூர்த்தி மேகவன் இதே ஊர் மீனவர். இன்று நகரத்துப் பிள்ளைகளைப் பலகையில் படுக்க வைத்து, "இப்போ எழுந்திரு" என்று கத்துகிற பல பையன்களும் மீனவ வீட்டுப் பிள்ளைகளே. எந்த அலை உடையும், எது ஏமாற்றும் என்பதை அவர்கள் யூட்யூபில் படிக்கவில்லை. வலை வீசாமலும் கடலில் சம்பாதிக்கலாம் என்று அவர்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, நல்லது. கட்டுரைகளிலோ அவர்கள் 'என் இன்ஸ்ட்ரக்டர்' மட்டும்தான். பெயர்கூட இல்லை, ஊர் எங்கிருந்து இருக்கும்?

'சரி விடுங்க, ஒரு வர்ணனைதானே' என்பீர்கள். டேட்டாபேஸில் பூஜ்யம் வேறு, நல் வேறு. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. நல் என்றால் யாரும் நிரப்பவே இல்லை. இரண்டையும் குழப்பிய புரோகிராம் எங்காவது உடையும். கடற்கரையில் உடைவது மனிதர்களின் இடம். 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமான ஊரகக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையிலேயே, உயர் அலைக் கோட்டிலிருந்து பத்து மீட்டர் விட்டு, தற்காலிகச் சுற்றுலா வசதிகள் வைக்கலாம் என்றது. அந்தப் பத்து மீட்டருக்கு அப்பால்தான் படகு ஏற்றுகிறார்கள், வலை உலர்த்துகிறார்கள், கருவாடு காய்கிறது. படகுத்துறையும் வலை உலர்த்தும் இடமும் கடலோர மேலாண்மை வரைபடங்களில் விடுபட்டுப் போகின்றன என்று மீனவர் அமைப்புகள் வருஷக்கணக்காக முறையிடுகின்றன. வரைபடத்தில் அது நல். அதைப் பூஜ்யம் என்று படிக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். "ஈ, காக்கை இல்லை" என்று எழுதுபவர் அவர்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்.

கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் உயிர்காப்பாளரும் வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் 'சுத்தமான கரை' என்பது மெல்ல 'மீன் வாடை இல்லாத கரை' என்று பொருள் மாறுவதைப் பாருங்கள். பயணக் கட்டுரைகள் இந்த அகராதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

"நிம்மதியா ரசிக்கக்கூட விடமாட்டியாடா?" என்று நண்பன் கேட்டான். ரசி. தாராளமாகக் குளிரை எழுது, வாடையை எழுது, தர்காவுக்கு வெளியே குடித்த டீயை எழுது. உன் காதல் தோல்வியையும் எழுது, வேண்டாம் என்றா சொன்னேன். அறைக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேயே இரு. படகுகள் திரும்பும். டிராக்டர் கட்டி மேலே இழுப்பார்கள். சங்கராவும் நெத்திலியும் மணலில் கொட்டியதும் ஏலம் தொடங்கும். கூடையோடு வந்த பெண்கள் சுற்றி நின்று விலையை அடித்துக் குறைப்பார்கள். நடுவில் நின்று போட்டோ எடுத்தால் "தம்பி, வாங்கறதா இருந்தா நில்லு, இல்லன்னா அந்தப் பக்கம் போ" என்று ஓர் அக்கா சொல்லுவார். காக்கைகளும் அப்போதுதான் வரும், ஏராளமாக.