தமிழ்ப் பெயர்களும் சோதனையில் தேறட்டும்

சூரியநெல்லி, சின்னக்கானல் வட்டாரத்தில் தேயிலைத் தோட்டத்திலும் ஏலக்காட்டிலும் பாடுபடும் தமிழர்களுக்கு, சர்க்கார் காகிதம் என்றால் இன்று கம்ப்யூட்டர் அச்சடித்துத் தருகிற காகிதம்தான். கே-ஸ்மார்ட் என்ற மென்பொருளைக் கேரள அரசு 2024-ல் நகராட்சிகளிலும் 2025-ல் கிராமப் பஞ்சாயத்துகளிலும் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஒரு சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை இழந்து, பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் லயத்துக்குமாக நடையாய் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வரவேற்க வேண்டிய மாற்றமே.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இத்தகைய மென்பொருள்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் தமிழ்ப் பெயர் சிதையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது யார்?

ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. மென்பொருள் உலகில் இதற்கென்றே தானியங்கிச் சோதனை என்ற ஏற்பாடு உண்டு. கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் 1997-ல் விமானப் பயணத்தின்போது எழுதத் தொடங்கிய ஜேயூனிட் என்ற கருவிக்குப் பின் இது எங்கும் பரவியது. புரோகிராம் எழுதுபவர் ஒரு வரியை மாற்றி அனுப்பியதும், வேறொரு கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொண்டு, முன்பே எழுதி வைத்த கேள்விகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. விடை சரி என்றால் பச்சை; ஒன்று பிசகினாலும் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அந்தத் திருத்தம் மக்களிடம் போகாது. ஏலக்காய் தரம் பிரிக்கிற சல்லடை மாதிரிதான். எட்டு மில்லிமீட்டர் காய் வேண்டுமென்றால் அதற்கேற்ற கண் உள்ள சல்லடையைப் போட வேண்டும். தமிழுக்கான கண் வைக்காத சல்லடையில் தமிழ்ப் பிழைகள் தாராளமாய் இறங்கிப் போகும். விளக்கு மட்டும் பச்சையாகவே எரியும்.

மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 9 எழுத்து. யூனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாதலால் அது 16 குறி. வழக்கமாகச் சேமிக்கும் முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் 48 பைட். ஆங்கிலப் பெயரை மனத்தில் கொண்டு யாரோ 40 பைட் போதும் என்று ஒதுக்கியிருந்தால், 'மீனாட்சிசுந்த' என்பதோடு பெயர் அறுந்து, பின்னால் ஓர் உடைந்த குறி தொங்கும்.

கோவிந்தம்மாள் கதை இன்னும் விசித்திரமானது. 'கோ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம். முன்கொம்பு, பின்கால் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதியும் இரண்டையும் சமமாகவே கருதச் சொல்கிறது. ஆனால் அந்த விதியைக் கடைப்பிடிக்காத புரோகிராம், பிறப்புப் பதிவில் இருக்கும் கோவிந்தம்மாளைத் தேடினால் 'அப்படி ஒருவர் இல்லை' என்று சொல்லிவிடும். ஆள் எதிரே நிற்பார். கம்ப்யூட்டரில் இருக்க மாட்டார்! ஸ்ரீதேவிக்கும் இதே கதிதான். 'ஸ்ரீ' என்பதை இரு விதமாகப் பதியலாம். இங்கே பொது விதியும் கைகொடுக்காது, தனியாகவே கவனிக்க வேண்டும். தகப்பனார் கிருஷ்ணன் என்றால் இனிஷியல் 'கி'. முதல் குறியை மட்டும் பிடுங்குகிற புரோகிராம் அதை 'க' ஆக்கிவிடும். ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பி.எஃப். கணக்கில் ஒன்று என்று பெயர் மூன்றானால், ஓய்வு பெறும் தொழிலாளி மூன்று பேரும் தானே என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. 2018-ல் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்ததும் ஐபோன் செயலிகள் முடங்கின. அந்தப் பிப்ரவரியிலேயே ஆப்பிள் திருத்தம் வெளியிட நேர்ந்தது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கே இந்தக் கதியென்றால், மலையோரத்துச் சிறுபான்மையினரின் பெயருக்கு யார் காவல்?

ஏற்பாட்டைச் சரியாக அமைப்பது பெரிய வித்தையல்ல. ஆனால் கவனம் வேண்டும். சோதனை நடத்தும் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் தமிழ் எழுத்துருவே இருக்காது. அமைப்புக் கோப்பில் அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். சான்றிதழ் உருவானதா என்று மட்டும் கேட்டால் போதாது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் அச்சாகியிருந்தாலும் அந்தக் கேள்விக்கு விடை 'உருவானது' என்பதுதான். ஒருமுறை அமைத்துவிட்டுத் தூங்கவும் முடியாது. பொதுத் திட்டங்கள் பல நம்பியிருந்த டிராவிஸ் சி.ஐ. இலவசத் தளம் 2021-ல் மூடப்பட்டபோது, அவை வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சரியாகப் பிரிக்கும் 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவை ஆக்கித் தந்ததோ, கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு. மலையாளிகள் தமிழுக்கு எழுத்துரு செய்து தரும்போது, அரசு மென்பொருளில் தமிழுக்கு நாலு சோதனை சேர்ப்பது கடினமான காரியமாகாது.

இது சலுகை கோரும் விஷயமும் அன்று. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதிகளின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம் என்கிறது; பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. அன்று பதில் எழுதியது குமாஸ்தாவின் பேனா. அந்தப் பேனாவின் வேலையை மென்பொருள் ஏற்றுக்கொண்டதென்றால், கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது.

ஆகவே அரசு செய்ய வேண்டியது இது: குடிமக்களின் பெயரைக் கையாளும் ஒவ்வொரு மென்பொருளிலும் தமிழ்ச் சோதனைகளைக் கட்டாயமாக்க வேண்டும், அவற்றின் முடிவை யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட்டால் பின்னால் தகராறு இராது. சோதனைக்கென்று வாக்காளர் பட்டியலை அப்படியே தூக்கிக் கொடுக்கிற சோம்பேறித்தனம் மட்டும் கூடாது. அது பிறர் விவரங்களைத் தெருவில் வைப்பதாகும். கற்பனைப் பெயர்களே போதும்.

அவற்றைத் திரட்டப் பெரிய செலவும் ஆகாது. கேரளப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற கம்ப்யூட்டர் மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. தோட்டப் பகுதியில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. தொடக்கத்துக்கு நூறு பெயர்கள் போதும். மீனாட்சிசுந்தரம், கோவிந்தம்மாள், ஸ்ரீதேவி என்ற மூன்றும் இங்கேயே தயார். மற்ற தொண்ணூற்றேழையும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு வகுப்பு நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.