நீல் சிலையை அகற்றியது சரியே

சிலையை அகற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்று பதறுவோருக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல் சிலை, 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்தபின் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதனால் எந்த வரலாறும் அழிந்துபோகவில்லை.

நீல், 1857 கிளர்ச்சியை அடக்க மதராஸ் படைப்பிரிவுடன் வடக்கே அனுப்பப்பட்ட அதிகாரி. ஜூன் மாதம் அலகாபாத் வட்டாரத்தில் அவருடைய படை ஊர்களைக் கொளுத்தியது; அகப்பட்டவர்களை மரங்களில் தூக்கிலிட்டது. அடுத்து கான்பூர். ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பீபிகர் வீட்டில், தரையில் உறைந்து கிடந்த ரத்தத்தைக் கைதிகளே துடைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தயங்கியவர்களுக்குக் கசையடி. சிலரை நாவால் நக்க வைத்தார்கள். அதன் பிறகுதான் தூக்கு. சாதியும் சமயமும் கெட்ட பிறகே சாகவேண்டும் என்பது கணக்கு. பீபிகர் கொடுமைக்குத்தானே பழிவாங்கினார் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் தேதியைப் பார்க்கட்டும். பீபிகர் படுகொலை நடந்தது ஜூலை 15. அலகாபாத் அதற்கு முந்தைய மாதமே எரிந்துவிட்டது.

இத்தகையவரைத்தான் வங்காளக் கிளர்ச்சியை முதலில் தடுத்து நிறுத்திய வீரர் என்று சிலையின் பீடம் புகழ்ந்தது. நடுத்தெருவில் பீடம் கட்டி நிறுத்துவது மரியாதை. அதை வரலாற்றுப் பாடம் என்று யாரும் ஏமாற்ற வேண்டாம். 1927-இல் அந்தச் சிலையை உடைக்கச் சுத்தியலோடு வந்து சிறைக்குப் போன தொண்டர்கள் எதிர்த்தது அந்த மரியாதையைத்தான். காந்தியும் அவர்களை ஆதரித்தார். அவர்கள் கேட்டது நடக்கப் பத்தாண்டு ஆனது.

அதற்காக வெள்ளைக்காரர் சிலை எல்லாவற்றையும் பெயர்க்கச் சொல்லவில்லை. தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ அங்கேயே இருக்கலாம். அவருடைய ரயத்துவாரி வரிமுறையைக் குறை சொல்ல நிறையவே உண்டு. ஆனாலும் அவருக்குச் சிலை வைத்தது படுகொலையைப் பாராட்டி அல்ல. எதற்காகப் போற்றி வைத்தார்கள் என்பதே எங்கள் அளவுகோல்.

எப்படி அகற்றுகிறோம் என்பதிலும் நியாயம் வேண்டும். மக்கள் முன் விவாதிக்காமல் 2001-இல் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்ட கண்ணகி, ஆட்சி மாறியதும் 2006-இல் திரும்பி வந்துவிட்டாள். நீல் சிலையைத் திரும்ப வைக்க எந்தக் கட்சியும் கேட்டதில்லை.

அருங்காட்சியகத்துக்கு அனுப்பியதோடு கடமை தீராது. நீல் சிலையின் பக்கத்தில் அலகாபாத்தும் கான்பூரும், பீபிகரில் இறந்தவர்களையும் சேர்த்து, பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், தமிழில் இருக்கவேண்டும்.