சிறு சங்கத்துக்கு ஏற்ற வலை வழங்கி எது?

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் ஏட்டிலிருந்து கணினிக்கு மாறி வருவதை நேயர்கள் அறிவார்கள். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொதுவானதொரு மென்பொருளின்கீழ்க் கொண்டுவர 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு ரூ. 2,516 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. அச்சங்கங்களின் பாரத்தை அரசே பெரும்பாலும் சுமக்கிறது. ஆனால், செல்லூர்த் தறிகாரர்களின் சிறு சங்கமோ, கோச்சடைக்கு மேற்கே மேலக்கால் சாலையோரத்து விவசாயிகள் கூடி அமைக்கும் சங்கமோ, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தகைய சங்கங்களின் நிர்வாகக் கமிட்டிகளில் இப்போது அடிக்கடி எழும் ஒரு பிரச்சினையைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கூற விரும்புகிறேன்.

சங்கத்தார் விரும்புவது பெரிதாக ஒன்றுமில்லை. அங்கத்தினர் ஒருவர் தமக்கு வழங்கப்பட்ட நூல் எவ்வளவு, ஒப்படைத்த உருப்படிகள் எத்தனை, வரவேண்டிய கூலி என்ன என்பவற்றைத் தம் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பூ பயிரிடுபவருக்கு மாட்டுத்தாவணிச் சந்தையின் காலை விலை தெரிய வேண்டும். இதற்காகத் தறியை நிறுத்திவிட்டு அரைநாள் கூலியை இழந்து காரியாலயத்துக்கு நடப்பது எவ்வகையிலும் நியாயமன்று. கேட்ட பக்கத்தை எடுத்துக் கைபேசிக்கு அனுப்பும் வேலையைச் செய்யும் மென்பொருளே வலை வழங்கி எனப்படுவது. வெப் சர்வர் என்றால் பலருக்கும் விளங்கும்.

விற்பனையாளர்கள் இவ்விடத்தில்தான் நம்மவரை மிரட்டிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வந்தாலும் தாங்கும் பெரிய இயந்திரம் வேண்டும் என்கிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்நூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தில், கூலி நாளன்று அத்தனை பேரும் ஒரே மணி நேரத்துக்குள் தத்தம் கணக்கைத் திறந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்குப் படம், எழுத்துரு முதலிய பத்துக் கோப்புகள் என்றாலும், மொத்தம் மூவாயிரம் கோரிக்கைகளே; வினாடிக்கு ஒன்றுகூட ஆகாது. 2021-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 என்னும் உள்ளங்கையளவு கணினியில் 512 மெகாபைட் நினைவகமே உண்டு. மின்சாரம் சில வாட்டுகளே செலவாகும். அதுவே இவ்வேலைக்குத் தாராளமாகப் போதும். அதில் இயங்கும் வலை வழங்கி எளியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

எளிமை என்பதன் பொருளைப் பண்டகசாலை உதாரணத்தால் விளக்கலாம். 1995-இல் தோன்றிய அப்பாச்சி என்னும் வழங்கியின் பழைய முறை, வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு குமாஸ்தாவை அமர்த்துவது போன்றது. ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் நாற்காலியும் மேசையும், அதாவது நினைவகத்தில் இடமும், வேண்டும். பின்னாளில் இம்முறை பெரிதும் திருத்தப்பட்டுவிட்டது என்பதையும் கூறிவிட வேண்டும். 2003-இல் ஜெர்மானியரான யான் நெஷ்கே எழுதிய லைட்டிபிடியும், 2004-இல் ருஷ்யரான ஈகோர் சிஸோயெவ் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸும் வேறு வழியில் செல்பவை. அங்கே குமாஸ்தா ஒருவரே. முதல்வருக்குரிய ஏடு வந்து சேர்வதற்குள் அடுத்தவரின் சீட்டை வாங்கிக்கொள்வார். பத்தாயிரம் இணைப்புகளை ஒரே இயந்திரம் எப்படிச் சமாளிப்பது என்று அக்காலத்தில் நிபுணர்கள் விவாதித்த கேள்விக்கு விடை தேடிப் பிறந்ததே லைட்டிபிடி. யூடியூப் நிறுவனம் தன் ஆரம்ப நாட்களில் அதை உபயோகித்தது. அத்தகையது சில மெகாபைட் நினைவகத்தில் அடங்கி நம் காரியத்தையும் செய்துவிடும்.

ஆயினும், மிக இலேசானது எதுவோ அதையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு கட்டிவிடலாகாது. போவா என்ற வலை வழங்கியின் கதையை நம் நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். அதுவும் மிகச் சிறியது. கேமராக்களிலும் வீட்டு ரௌட்டர்களிலும் வைப்பதற்கு ஏற்றது. 2005-ஆம் ஆண்டோடு அதைப் பராமரிப்பார் இல்லாமற் போயிற்று. பொருள் உற்பத்தியாளர்களோ பழைய வழக்கப்படி அதைத் தொடர்ந்து வைத்து விற்றுவந்தார்கள். 2022 ஏப்ரலில் ரெக்கார்டெட் ப்யூச்சர் என்னும் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லடாக் எல்லையை ஒட்டிய வட இந்தியப் பகுதிகளில் மின்சாரப் பகிர்வைக் கட்டுப்படுத்தும் ஏழு நிலையங்களேனும் ஊடுருவல் முயற்சிக்கு இலக்காயின என்றும், இணையத்தோடு இணைந்த கேமரா போன்ற சாதனங்கள் அதற்கு ஏணியாயின என்றும் அது கூறிற்று. அவ்வறிக்கை சுட்டிய முகவரிகளை ஆராய்ந்த மைக்ரோசாப்ட், போவாவே பலவீனமான உறுப்பு என்று அதே ஆண்டு நவம்பரில் தெரிவித்தது. உலகெங்கும் ஒரே வாரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போவா வழங்கிகள் இணையத்தில் திறந்து கிடந்ததை அது கண்டது. பதினேழு ஆண்டுகளாகக் கேட்பாரற்றிருந்த ஒரு சிறு மென்பொருள் ஒரு தேசத்தின் மின்சாரத்தின் வாசல்வரை அந்நியரைக் கொண்டுவந்துவிட்டது. முந்நூறு நெசவாளரின் கூலிக் கணக்கு எம்மாத்திரம்?

ஆகவே, எத்தனை மெகாபைட் என்று கேட்பதற்கு முன், இதை இன்று பராமரிப்பவர் யார் என்று கேட்க வேண்டும். லைட்டிபிடியும் எஞ்சின்-எக்ஸும் இவ்வகையில் தேறுகின்றன. இரண்டும் டெபியன் தொகுப்பில் உள்ளவை; அத்தொகுப்பின் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. ராஸ்பெர்ரி பை இயந்திரத்துக்கென வெளியிடப்படும் இயக்க முறைமையும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. மாதம் ஒருமுறை குமாஸ்தா ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் லைட்டிபிடியைச் சொல்வேன். அதன் அமைப்புக் கோப்பு ஒரே தாளில் அடங்கும், படித்தால் புரியும். எனினும், எஞ்சின்-எக்ஸையோ அப்பாச்சியையோ நன்கறிந்த இளைஞர் ஒருவர் சங்கத்திலேயே இருப்பாராயின், அவருடைய பழக்கத்தைத் தள்ளிவிட்டுப் புதியதொன்றைத் தேடுவது அறியாமை. வேக ஒப்பீட்டு அட்டவணைகளை விற்பனையாளர் காட்டும்போது அவற்றை மரியாதையாக மடித்துக் கொடுத்துவிடலாம். உண்மையான சுமை வலை வழங்கியில் இல்லை. அதன் பின்னால் இயங்கும் கணக்கு நிரலிலும் தரவுத்தளத்திலுமே இருக்கிறது.

நம் ஊர் நிலைமையையும் கவனிக்க வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால் நினைவட்டையில் எழுதிக்கொண்டிருந்தது சிதைந்துபோகக்கூடும். ஆதலால் சிறு மின்கலமொன்று அவசியம். வலை வழங்கி ஓயாமல் எழுதும் பதிவேட்டையும் குறைத்துவைக்க வேண்டும். தினந்தோறும் கணக்கின் நகலை எடுத்து வேறொரு கட்டடத்தில் வைப்பது உத்தமம். காரியாலயத்துக்கு வெளியிலிருந்தும் பார்க்க வேண்டுமென்றால் கடவுச்சொல்லும் குறியாக்கமும் இன்றித் திறந்துவிடவே கூடாது. குறியாக்கத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் இலவசமாகவே வழங்கிவருகிறது. மல்லிகை விலைப் பட்டியலுக்கு இத்தனை காவல் வேண்டாம். அது ஊரறிய வேண்டியதுதானே.

தராசுக்கு முத்திரை வைத்த தேதியை எந்தச் சங்கத்திலும் கேட்டவுடன் காட்டுகிறார்கள். கணினியிலுள்ள வழங்கியின் பெயர், அதன் பதிப்பு, கடைசியாகத் திருத்தம் ஏற்றிய தேதி, ஏற்றியவரின் கையொப்பம் ஆகியவற்றையும் இருப்பு ரிஜிஸ்தரில் ஒரு தனிப் பக்கத்தில் எழுதிவரும்படி நிர்வாகக் கமிட்டி தீர்மானம் நிறைவேற்றலாம். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. அடுத்த கூட்டத்திலேயே செய்துவிடக்கூடிய காரியம்.