இடுப்பு வலிக்கு ஆபரேஷன்தான் வழியா?

இருபது வருஷமாக நடவும் களையெடுப்பும் மூட்டை தூக்குவதுமாக உழைத்த தஞ்சை மாவட்ட வாசகர் ஒருவருக்கு ஒன்றரை வருஷமாக இடுப்பு வலி. முதுகெலும்பில் திருகாணி வைத்து இணைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். செலவுக்கு அரை ஏக்கரை ஒத்தி வைக்க வீட்டில் பேச்சு. வலி போய்விடுமா என்று கேட்கிறார்.

இதே கேள்வியோடு பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்து, 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஒரு வருஷத்துக்கு மேல் வலியோடு இருந்த 349 பேர். ஆபரேஷன் நல்லதா, பயிற்சி நல்லதா என்று மருத்துவருக்கே உறுதி இல்லாதவர்கள். குலுக்கல் முறையில் 176 பேருக்கு ஆபரேஷன், 173 பேருக்குப் பயிற்சி. பயிற்சி என்றால் பத்து நிமிஷம் கை காலை ஆட்டுவது அல்ல. வாரம் ஐந்து நாள், மூன்று வாரம், ஏறக்குறைய 75 மணி நேரம். வலிக்குப் பயந்து அசையாமல் இருக்கும் பழக்கத்தை மாற்றுவதும் அதில் சேர்த்தி.

வலியால் அன்றாட வேலை எவ்வளவு முடங்குகிறது என்பதற்கு 100க்கு மதிப்பெண் போட்டார்கள். கூடினால் முடக்கம் அதிகம். இரண்டு வருஷத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு சராசரி 46.5இலிருந்து 34 ஆனது. பயிற்சி பெற்றவர்களுக்கு 44.8இலிருந்து 36.1. ஆபரேஷன் பக்கம் கொஞ்சம் கூடுதல் பலன், அவ்வளவுதான். ஆனால் 19 பேருக்கு ஆபரேஷனில் சிக்கல் வந்தது. பயிற்சிக்குப் போனவர்களில் 100க்கு 28 பேர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே நிலத்தில் கை வைக்குமுன் பயிற்சியை ஒழுங்காக முடித்துப் பார்ப்பதே நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள். ஸ்கேனில் 'டிஸ்க் தேய்வு' என்று வந்ததும் மிரள வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும்.

கால் பலம் குறைந்தாலோ, மலம் சிறுநீர் அடக்க முடியாமலோ சிறுநீர் பிரியாமலோ போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ கதையே வேறு. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

பயிற்சி நடக்கும் நாட்களில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை, நடமாடலாம். யூரியா மூட்டை இப்போது 45 கிலோதான் என்றாலும், அதைத் தோளில் ஏற்றாமல் பாதியாகப் பிரித்து எடுத்துப் போகலாம். 16 லிட்டர் விசைத்தெளிப்பானில் 8 லிட்டர் ஊற்றினால் இரண்டு நடை கூடும். கூடட்டும்.